கழித்தல் வராத பிள்ளைக்கு எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

டெல்லி மயூர் விஹாரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மகள் மூன்றாம் வகுப்பு. 52-இல் 38 போனால் 26 என்று எழுதுகிறாள், வாய்ப்பாட்டில் ஐந்தைத் தாண்டினால் தடுமாற்றம். வீடு தேடி வந்த ஒரு கம்பெனி ஆள் டேப்லெட், மூன்று வருடப் பாடம், எல்லாம் சேர்த்து மாதத் தவணையில் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா, இல்லை வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பிலேயே ஏதாவது இலவசமாகப் போட்டுக்கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

பழைய லேப்டாப்பே போதும். தவணையெல்லாம் வேண்டாம். ஆனால் எந்த மென்பொருள் என்று பார்ப்பதற்கு முன்னால் அந்த 26-ஐப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதிலேயே உபயோகமான தகவல் அதுதான்.

26 எங்கிருந்து வந்தது? ஐந்தில் மூன்று போனால் இரண்டு. ஒன்றின் இடத்தில் இரண்டிலிருந்து எட்டு போகாது, அதனால் எட்டிலிருந்து இரண்டைக் கழித்து ஆறு போட்டிருக்கிறாள். இது கவனக்குறைவு இல்லை. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று சின்ன வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக, ரொம்ப ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறாள். இன்று சாயங்காலம் 40-இல் 17 போனால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாக 37 என்பாள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் போடும் தப்பு இது. அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் இதைப் பற்றியே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அதற்காக ‘பக்கி’ என்று ஒரு கணினி நிரலும் செய்திருந்தார்கள், பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அந்த நிரல் தப்பாகக் கழிக்கும் பிள்ளையாக நடிக்கும். ஆசிரியர் கணக்கு மேல் கணக்காகக் கொடுத்து, இந்தப் ‘பிள்ளை’ எந்த விதியைப் பிடித்துக்கொண்டு இப்படிப் போடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நிகராகுவாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கழித்தல் தாள்களை அலசிப் பார்த்தபோது, தப்புகளில் பல கண்டபடி வந்தவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் பின்னால் பிள்ளை தானாக உண்டாக்கிக்கொண்ட ஒரு விதி இருக்கிறது என்று தெரிந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், கடையில் கிடைக்கும் பெரும்பாலான கணக்கு ஆப்களுக்கு விடை சரியா தப்பா என்று மட்டும்தான் தெரியும். 78-இல் 35 கொடுத்தால் உங்கள் மகளின் விதிப்படியே 43 வந்துவிடும், சரியான விடை. பத்துக் கணக்கில் ஆறு இப்படிக் கடன் வாங்கத் தேவையில்லாத கணக்காக அமைந்தால் ஆறு நட்சத்திரம், ஒரு கைதட்டல் சத்தம், வானவேடிக்கை. மீதி நாலுக்கு ‘மறுபடி முயற்சி செய்’. பிள்ளைக்கு எது தப்பு என்று புரியாது, உங்களுக்கு அறுபது சதவீதம் என்று ஒரு பச்சைக் கோடு வரும், கம்பெனிக்காரர் முன்னேற்றம் என்பார்.

கணினி இல்லாமலேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 1973-இல் எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் பென்னி என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் தாளை முடித்து, தேர்வெழுதி, அடுத்த தாளுக்குப் போகும் முறை, அதாவது இன்றைய ஆப்களின் காகித வடிவம். பென்னி நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறான் என்றுதான் ஆசிரியர் நினைத்திருந்தார். உட்கார வைத்துப் பேசிப் பார்த்தால், பத்தில் இரண்டு என்ற பின்னத்தைத் தசமமாக்கு என்றால் மேலே கீழே இருப்பதைக் கூட்டி 1.2 என்கிறான், பதினொன்றில் நாலு என்றால் 1.5 என்கிறான், அதைத் தலைகீழாக்கி நாலில் பதினொன்று என்று கேட்டாலும் அதே 1.5 தான். விடைத்தாளில் எது அச்சாகியிருக்கிறதோ அதைப் பிடிக்கும் விளையாட்டு என்றே அவன் கணக்கைப் புரிந்துவைத்திருந்தான்.

அதனால் எந்த மென்பொருள் போட்டாலும் பக்கத்தில் ஒரு ரஃப் நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். கணக்கு திரையில் வரட்டும், அவள் நோட்டில் போடட்டும், பிறகு விடையைத் தட்டட்டும். வாரத்தில் ஒருநாள் அந்த நோட்டை நீங்கள் புரட்டினால் போதும், எந்த அறிக்கையும் சொல்லாததை அது சொல்லும். அழிப்பான் மட்டும் கொடுக்காதீர்கள், அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும். தப்பு கண்ணில் படவேண்டும்.

மென்பொருளால் பிரயோஜனமே இல்லை என்று சொல்லவரவில்லை. நம் ஊரிலேயே நல்ல ஆதாரம் இருக்கிறது. டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருளைப் பள்ளி முடிந்தபின் நடத்தும் மையங்களில் வைத்து, 2015-இல் முரளிதரன், சிங், கனிமியன் மூவரும் ஒரு ஆய்வு செய்தார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 619 பேர், குலுக்கல் போட்டு ஒரு பாதிக்கு இலவசமாக இடம் கொடுத்து, மறுபாதியோடு ஒப்பிட்டார்கள். நாலரை மாதத்தில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள் கணக்கில் தெளிவாக முன்னே போயிருந்தார்கள். என்னை யோசிக்க வைத்தது வேறு இரண்டு விஷயம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள், பள்ளியிலோ ஆறாம் வகுப்புப் பாடம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மையத்துக்குப் போகாதவர்களில், ரொம்பப் பின்தங்கிய பிள்ளைகள் அந்த மாதங்களில் கிட்டத்தட்ட ஒன்றுமே கற்றிருக்கவில்லை. மென்பொருள் செய்த நல்ல காரியம் என்னவென்றால், பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல், எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து ஆரம்பித்தது. இன்னொன்று, தொண்ணூறு நிமிட வகுப்பில் பாதிநேரம்தான் கணினி. மீதிப் பாதியில் ஒரு ஆள், சின்னக் குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். விளம்பரத்தில் இந்த ஆளைக் காட்டமாட்டார்கள்.

இதற்கு முன்னால் வதோதராவிலும் ஒரு ஆய்வு நடந்தது, பானர்ஜி, துஃப்லோ குழுவினர் 2007-இல் வெளியிட்டது. நாலாம் வகுப்பு, வாரத்துக்கு வெறும் இரண்டு மணிநேரம், ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள், கணக்கு விளையாட்டு. மதிப்பெண் நன்றாகவே ஏறியது, ஆனால் திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த ஏற்றத்தில் கொஞ்சம்தான் தங்கியிருந்தது. குஜராத்திலேயே லிண்டன் செய்த மற்றொரு ஆய்வில், ஆசிரியர் வகுப்பெடுக்கும் நேரத்தைப் பிடுங்கி அதில் கணினியை வைத்தபோது பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகக் கற்றார்கள், வகுப்பு முடிந்தபின் கூடுதலாக வைத்தபோது பலன் இருந்தது. ஒரே மென்பொருள்தான் இரண்டிலும். அதனால் ட்யூஷனை நிறுத்திவிட்டு டேப்லெட் என்றோ, நீங்கள் பக்கத்தில் உட்காரும் நேரத்துக்குப் பதில் டேப்லெட் என்றோ யோசித்திருந்தால் அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

சரி, லேப்டாப்பில் என்ன போடுவது?

லேப்டாப் ரொம்ப மெதுவாக இருந்தால் நேரு பிளேஸ் கணினிக் கடைகளில் கொடுத்துப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதைவிட வேகமான ஒரு சின்ன எஸ்எஸ்டி வட்டு போடச் சொல்லுங்கள், அது ஒன்றே பெரிய வித்தியாசம் காட்டும். விண்டோஸ் இருந்தால் அதுவே இருக்கட்டும், லினக்ஸ் போடத் தெரிந்த ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் ‘ஜிகாம்ப்ரி’. 2000-இல் பிரான்சில் புரூனோ குதுவான் என்பவர் ஆரம்பித்தது, இப்போது கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கீழ் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள், காசில்லை, விளம்பரமில்லை, பிள்ளையின் தகவலை எங்கும் அனுப்பாது, ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமே வேண்டாம். தமிழ் இருக்கிறதா என்று மொழிப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் உண்டு, எல்லாவற்றையும் திறந்துவிட்டால் பிள்ளை கணக்கை விட்டுவிட்டு மீன்தொட்டியிலேயே உட்கார்ந்துவிடும். உங்கள் மகளுக்கு வேண்டியது இரண்டு மூன்றுதான். ஒன்று, தராசு: ஒரு தட்டில் எடை இருக்கும், மறுதட்டில் கல்லை வைத்துச் சமன்செய்ய வேண்டும். இன்னொன்று, பத்துக்கு எவ்வளவு பாக்கி என்று நிரப்புவது, 7-க்கு 3, 6-க்கு 4. இது விரல்நுனியில் வந்துவிட்டால் கடன் வாங்குவதில் பாதிக் கஷ்டம் போய்விடும், ஏனென்றால் 12-இல் 8 போனால் எவ்வளவு என்பதை எட்டுக்குப் பத்தாக இரண்டு, அப்புறம் இரண்டு, ஆக நாலு என்று போட்டுவிடலாம். வகுத்தல் வரும்போது, மிட்டாயைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்குபோடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது, அதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ‘டக்ஸ்மேத்’. பழைய ஆர்கேட் விளையாட்டு மாதிரி, மேலிருந்து வால்நட்சத்திரங்கள் விழும், ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு, கீழே பெங்குவின்களின் பனிவீடுகள். விடையைத் தட்டி எண்டர் அழுத்தினால் சுட்டுவிழும். ரொம்பப் பழைய மெஷினிலும் ஓடும். வாய்ப்பாட்டை வேகப்படுத்த இதைவிட நல்ல இலவசச் சாதனம் எனக்குத் தெரியாது. ஆனால் புரியாத விஷயத்தை இது புரியவைக்காது, புரிந்ததை வேகப்படுத்தும், அவ்வளவுதான். கடன் வாங்குவது வராத பிள்ளையைக் கழித்தல் மட்டத்தில் உட்கார வைத்தால், தப்பான விதிதான் வேகமாகும்.

பிள்ளைகளின் சாமர்த்தியத்தையும் குறைத்து எடைபோடாதீர்கள். ஆர்.கே.புரத்தில் சாயங்காலம் என்னிடம் வரும் பிள்ளைகளில் ஒரு நாலாம் வகுப்புப் பையன் டக்ஸ்மேத்தில் எல்லாரையும்விட அதிகப் புள்ளி எடுப்பான். பின்னால் நின்று பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 2x6, 5x4, 10x7 வந்தால் பட்பட்டென்று சுடுகிறான், 7x8 வந்தால் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு, அது விழுந்து ஒரு பனிவீடு உருகும்வரை சும்மா இருக்கிறான். நாலைந்து வீடு இருக்கிறதே, ஒன்று போனால் என்ன. 7x8, 6x9, 8x6 மூன்றையும் அவன் மாதக்கணக்கில் தொடவே இல்லை. நான் செய்தது, வேகத்தைக் குறைத்து, 6 முதல் 9 வரைக்குமான பெருக்கல் மட்டும் வரும்படி அமைப்பை மாற்றியதுதான். பாடக்கோப்புகள் சாதாரண டெக்ஸ்ட் கோப்புகள்தான், எந்த எண் முதல் எந்த எண் வரை என்பதை நோட்பேடில் திறந்தே மாற்றலாம். முதல்நாள் அவனுக்கு என்மேல் மகா கோபம்.

நாலு விடை கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஆப்களில் இது இன்னும் மோசம். அடுத்தடுத்துத் தட்டினால் எப்படியும் சரியானது கிடைத்துவிடும். ‘குறிப்பு வேண்டுமா’ பட்டன் இருந்தால் அதை மூன்றுதரம் அழுத்தினால் விடையே வந்துவிடும். எதை வாங்கினாலும் இறக்கினாலும், விடையைப் பிள்ளையே தட்டச்சு செய்கிற மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவது, உங்கள் மகளின் குறிப்பிட்ட தப்புக்கு மருந்து: லிப்ரே ஆபீஸ் கால்க், அல்லது எக்ஸெல். சிரிக்காதீர்கள், எந்தக் கணக்கு ஆப்பும் கொடுக்காத கட்டுப்பாட்டை இது கொடுக்கும். ‘ரேண்ட்பிட்வீன்’ என்று ஒரு ஃபார்முலா இருக்கிறது, இரண்டு எல்லைகளைக் கொடுத்தால் நடுவில் ஏதோ ஒரு எண்ணைத் தரும். மேல் எண்ணின் பத்தின் இடத்துக்கு 3 முதல் 9 வரை, ஒன்றின் இடத்துக்கு 0 முதல் 4 வரை. கீழ் எண்ணின் பத்தின் இடத்துக்கு 1 அல்லது 2, ஒன்றின் இடத்துக்கு 5 முதல் 9 வரை. இப்படி வைத்தால் வரும் ஒவ்வொரு கழித்தலிலும் கடன் வாங்கியே ஆகவேண்டும், மேல் எண் எப்போதும் பெரியதாகவே இருக்கும். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு கணக்கு அச்சடியுங்கள், அதற்குமேல் வேண்டாம். நடுநடுவே இரண்டு கணக்கைக் கையாலேயே கடன் தேவையில்லாததாக மாற்றிவையுங்கள், இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் கடன் வாங்க ஆரம்பித்துவிடுவாள், அதுவும் ஒரு ‘விதி’ ஆகிவிடும்.

தாளைக் கொடுப்பதற்கு முன்னால் கையில் ஏதாவது வேண்டும். பத்துப்பத்தாக ரப்பர்பேண்ட் போட்ட தீக்குச்சியோ, பத்து ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய் நாணயமுமோ. 52 ரூபாயை ஐந்து நோட்டு, இரண்டு நாணயம் என்று மேஜையில் வைத்து, எனக்கு 38 கொடு என்று கேளுங்கள். எட்டு நாணயம் இல்லை, ஒரு நோட்டைச் சில்லறை மாற்றித்தான் ஆகவேண்டும். அந்த ஒரு நோட்டை அவளே உங்களிடம் நீட்டிப் பத்து நாணயமாக வாங்கும்போது, ஐந்து எப்படி நாலானது, இரண்டு எப்படிப் பன்னிரண்டானது என்பது கையில் தெரியும். பிறகு அதையே நோட்டில் எழுதிக்காட்டச் சொல்லுங்கள். திரையில் இதை அனிமேஷனாகக் காட்டும் ஆப்கள் உண்டு, அவற்றில் பிள்ளை பார்க்கத்தான் செய்யும்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. டெல்லியிலும் கொல்கத்தாவிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கிலோ நாற்பது ரூபாய் என்றால் எண்ணூறு கிராம் எவ்வளவு என்கிற மாதிரிக் கணக்கைக் கடையில் மனசாலேயே போடும் பிள்ளைகள், அதைவிடச் சுலபமான கழித்தலைப் பாடப்புத்தக வடிவத்தில் கொடுத்தால் திணறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் தாளில் போட்டார்கள், கடைக்கணக்கில் திணறினார்கள். ஒன்று தெரிந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று நினைக்க முடியாது என்பதுதான் இதில் விஷயம். ஆப்பில் நன்றாகப் போடும் பிள்ளை மதர் டெய்ரி பால் கடையில் மீதிச் சில்லறை எண்ணத் தெரியாமல் நிற்பதற்கும் இதே காரணம்தான். அதனால் லேப்டாப் ஒரு பக்கம் இருக்க, தயிர் வாங்கக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள், மீதி எவ்வளவு வரும் என்று வரிசையில் நிற்கும்போதே கேளுங்கள்.

மொழி விஷயம், டெல்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்கே உள்ள தலைவலி. பள்ளியில் ஃபார்ட்டி நைன், காய்கறிக்காரரிடம் உன்சாஸ், வீட்டில் நாற்பத்தொன்பது. இந்தி எண்களில் உன்சாஸைக் கேட்டால் அதில் நாற்பதும் ஒன்பதும் எங்கே என்று தெரியாது, மனப்பாடம்தான் செய்யவேண்டும். தமிழில் எண்ணைச் சொல்லும்போதே பத்துகள் எத்தனை, ஒன்றுகள் எத்தனை என்று பெரும்பாலும் பிரிந்துவிடும். இடமதிப்புச் சொல்லிக்கொடுக்கும்போது தமிழிலேயே சொல்லுங்கள், பள்ளி ஆங்கிலம் குழம்பிவிடும் என்ற பயம் வேண்டாம். வாய்ப்பாட்டை மட்டும் பள்ளியில் எந்த மொழியில் ஒப்பிக்கிறாளோ அதே மொழியில் விடுங்கள். அது நாக்கில் உட்காரும் சமாச்சாரம், இரண்டு மொழியில் உட்கார நேரமெடுக்கும்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். இந்த வயதுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது நிமிடம், வாரத்தில் நாலைந்து நாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரம் மொத்தமாக உட்கார வைப்பதைவிட இது எத்தனையோ மேல். முதல் சில வாரங்கள் தராசும் பத்து நிரப்புவதும் மட்டும், பிறகு அச்சடித்த தாள், கழித்தல் நேரான பிறகுதான் டக்ஸ்மேத். நேரம் ஓடும் விளையாட்டைப் பயப்படும் பிள்ளைக்கு ஆரம்பத்திலேயே கொடுத்தால் கணக்கு மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

கம்பெனிக்காரர் விஷயம். கணினி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஆசான் ஆகிவிடும் என்பது புதுப் பேச்சே அல்ல. 1966-லேயே ஸ்டான்ஃபோர்டின் பாட்ரிக் சப்பஸ், அலெக்சாண்டருக்கு அரிஸ்டாட்டில் கிடைத்த மாதிரி இன்னும் சில வருடங்களில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குத் தனி ஆசான் கிடைத்துவிடுவார் என்று எழுதினார். அவர் சும்மா பேசியவர் இல்லை, பள்ளிகளில் கணினியோடு இணைத்த டெலிடைப் தட்டச்சு மெஷினை வைத்துக் கூட்டல் கழித்தல் பயிற்சி நடத்திப் பார்த்தவர். அறுபது வருடம் ஆகியும் அதே வசனம் இப்போது தவணைத் திட்டத்தோடு வருகிறது. அந்தக் கம்பெனிக்காரர் மறுபடி வந்தால் ஒன்று செய்யுங்கள்: அந்த டேப்லெட்டில் உங்கள் கையாலேயே 52-இல் 38-க்கு 26 என்று தட்டிக் காட்டுங்கள். ‘தப்பு, சரியான விடை 14’ என்பதோடு நின்றுவிட்டால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். கடன் வாங்கவில்லை என்பதைப் பிடித்து, அதற்கான படியைக் காட்டி, அடுத்த கணக்கையும் அதே வகையில் கொடுத்தால், அப்போதுகூட மாதக் கட்டணத்துக்கு ஒரு மாதம் மட்டும் தருவீர்களா என்று கேளுங்கள். மூன்று வருடத்துக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தவணை என்பது பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன், மகள் ஒரு மாதத்தில் டேப்லெட்டைத் தூக்கிப் போட்டாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

நோட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஆறேழு வாரம் கழித்தும் 26 மாதிரி விடையே வந்துகொண்டிருந்தால் அந்தப் பக்கங்களைப் படமெடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போதும் அதையே எடுத்துப்போய் வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள்.